கல்லும் சுண்ணமும் யார் பொறுப்பு? – திருப்பணிக் குத்தகைகளின் பழைய வரலாறு

ஆலயத் திருப்பணி ஒன்றைத் தொடங்க எண்ணும்போது, பாலாலயத்துக்கு நாள் குறிப்பதற்கும் முன்பாக நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் எழும் கேள்வி ஒன்றுண்டு. செங்கல், சிமெண்டு, மணல், மரம், இரும்புக் கம்பி ஆகியவற்றை ஆலயமே வாங்கிக் கொடுத்து வேலைக்கு மட்டும் கூலி பேசுவதா, அன்றிப் பொருளையும் வேலையையும் சேர்த்து ஒரே தொகைக்குக் குத்தகையாளரிடம் ஒப்படைத்துவிடுவதா என்பதே அது. முன்னதில் செலவு குறையும் என்பார் சிலர். பின்னதில் தலைவலி குறையும் என்பார் வேறு சிலர். இரு சாராரும் பணத்தைப் பற்றியே வாதிடுவதாகத் தோன்றும். ஆனால் சுவர் வெடித்தால் மீண்டும் கட்டித் தருவது யார், வேலை பாதியில் நின்றால் வளாகத்தில் குவிந்து கிடக்கும் செங்கல் யாருக்குச் சொந்தம், கடனுக்குச் சரக்கு அனுப்பிய கடைக்காரர் யாரிடம் போய் நிற்பது என்னும் வினாக்கள் யாவும் அந்த ஒரு விடையிலிருந்தே கிளைக்கின்றன. பக்தர்களின் காணிக்கை காப்பாற்றப்படுவதும் கரைந்துபோவதும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் முடிவாகின்றன.

நம் வட்டாரத்தில் இக்கேள்விக்கு முதலில் கிடைத்த விடை, சூழ்நிலை தந்த விடையாகும். 1819ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து 'இந்தியானா' என்னும் கப்பலில் அவருடன் வந்து சேர்ந்தவர் நாராயண பிள்ளை. தீவில் வீடுகள் எழும்பவேண்டிய காலம் அது. கட்டுவதற்குச் செங்கல் இல்லை. அவர் தஞ்சோங் பகாரில் ஒரு செங்கற்சூளையை அமைத்தார். பினாங்கிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் என்று அவர் போற்றப்படுவதற்கு இதுவே காரணம். பொருளை யார் தருவது என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை. சூளை யாருடையதோ அவரே கட்டித் தரவேண்டியிருந்தது. பின்னர் அவர் ஈடுபட்ட துணி வாணிகம் 1822இல் தீக்கு இரையாகிக் கடனில் அவரை ஆழ்த்தியதும், அதிலிருந்து அவர் மீண்டு எழுந்ததும் பலரும் அறிந்த செய்திகள்.

அவர் முன்னின்று எழுப்பிய மாரியம்மன் ஆலயத்துக்கு இடம் கிடைப்பதே எளிதாக இருக்கவில்லை. தெலுக் ஆயர் தெருவில் முதலில் காட்டப்பட்ட நிலத்தில் பூசைக்குரிய நன்னீர் இல்லை. அடுத்துக் கிடைத்த ஸ்டாம்ஃபோர்டு கால்வாய்ப் பகுதி நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இப்போதுள்ள இடம் அமைந்தது. 1827இல் அங்கு எழுந்தது மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன எளிய கோயில். செங்கற் கட்டடம் 1843இல்தான் வந்தது. செங்கற்சூளை நடத்தியவர் நிறுவிய அம்மன் கோயில் பதினாறு ஆண்டுகள் ஓலைக் கூரையின்கீழ் இருந்ததென்பது, கட்டுமானப் பொருள் அன்று எவ்வளவு அரியதாக இருந்தது என்பதை உணர்த்தப் போதுமானது.

கோலாலம்பூரின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அந்நகரை அழித்தன. இனிக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமையவேண்டும் என்று பின்னர் ஆட்சிப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். கப்பித்தான் யாப் ஆ லோய் சூளைகளைத் தொடங்கினார். பிரிக்ஃபீல்ட்ஸ் என்னும் பெயர் அச்செங்கற்சூளைகளின் நினைவாகவே இன்றும் வழங்குகிறது. தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய மகாமாரியம்மன் ஆலயம் 1885இல் இன்றைய இடத்துக்கு மாறி, 1887இல் அத்தாப்புக் கூரையை நீக்கிச் செங்கற் கட்டடமானது. சூளைப் புகை எழுந்த சில ஆண்டுகளிலேயே அம்மனுக்குச் செங்கற் கருவறை கிடைத்துவிட்டது.

பொருள், உழைப்பு இரண்டையுமே கட்டடத்துக்கு உரியவர் தம் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் சிங்கப்பூரிலேயே சான்று உள்ளது. 1856 மார்ச் 4ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்று, 1861 அக்டோபர் முதல் நாள் முதல் வழிபாடு நிகழ்ந்த புனித ஆண்ட்ரூ பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். அரசாங்கத்துக்கு 1858 முதல் சிராங்கூன் சாலையில் சொந்தச் செங்கற்சூளை இருந்தது. அங்கும் கைதிகளே உழைத்தனர். இலாபம் பார்க்கும் குத்தகையாளர் இடையில் எவரும் இல்லை. சுவர்களின் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' பயன்பட்டது. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவையும் கருப்பட்டிச் சர்க்கரையையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பிசைந்து, பூசி உலர்ந்தபின் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினர். தமிழகத்துக் கொத்தர்களுக்குக் கைவந்த வித்தை அது. அக்கைதிகளின் பணிகளைப் பற்றி மேஜர் மெக்நேர் 1899இல் ஒரு நூலே எழுதினார்.

செலவு மிகக் குறைவு என்பதில் ஐயமில்லை. கூலி கொடுக்கப்படாத உழைப்பால் வந்த சிக்கனம் அது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆனால் வேறொன்றும் இருந்தது. அடித்தளத்தின் வலிமை குறித்து ஐயம் எழுந்தபோது, முதலில் கருதிய கனமான கோபுரத்தை விடுத்து இலேசான கூர்ங்கோபுரத்தை அமைக்கவேண்டியதாயிற்று. அதற்கு ஆன காலமும் செலவும் முழுவதும் அரசாங்கத்தையே சார்ந்தன. எல்லாவற்றையும் தாமே கொடுத்தவருக்கு வேறு எவரையும் கேட்கும் உரிமை இருப்பதில்லை.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றுக்கும் 1826ஆம் ஆண்டின் அரச சாசனம் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டடக் குத்தகை பற்றிய இன்றைய வழக்கங்கள் அதன் வழியாக வந்தவையே. அச்சட்டத்துக்குப் பின்னே நிற்பது ரோமானியரின் சிந்தனை. எனவே இக்கேள்வியின் வேரைத் தேடுவோர் ஈராயிரம் ஆண்டு பின்னோக்கி, இத்தாலியின் கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்குச் செல்லவேண்டும். அங்கும் கதை ஒரு கோயிலின் முன்புதான் நடக்கிறது.

நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் புட்டியோலி என்றொரு துறைமுகம் இருந்தது. அங்குச் செராப்பிஸ் என்னும் தெய்வத்தின் கோயிலுக்கு எதிரே, சாலையின் மறுபுறத்தில் இருந்த மதிற்சுவரில் ஒரு வாயில் அமைக்க நகராட்சியினர் கி.மு. 105இல் குத்தகை விட்டனர். அந்த ஒப்பந்தம் முழுவதும் கல்லில் வெட்டப்பட்டது. பிற்காலத்தில் மீண்டும் பொறிக்கப்பெற்ற அதன் படி இன்றும் கிடைக்கிறது. சிறிய வேலைதான், ஆயினும் அவ்வாசகத்தைப் படிப்போர் வியப்படையாமல் இருக்க முடியாது. வாயில் 6 அடி அகலம், 7 அடி உயரம். அதன் இருபுறமும் கடலை நோக்கி 2 அடி நீளத்துக்குச் சுவர் நீட்டப்பட வேண்டும். மேலே இடவேண்டிய ஓக் மரக்கட்டை 8 அடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் முக்கால் அடி உயரமும் கொண்டதாக இருக்கவேண்டும். சாந்தில் நான்கில் ஒரு பங்கு நீறிய சுண்ணாம்பு இருக்கவேண்டும். சுவருக்குள் வைக்கும் கற்களில் எதுவும் உலர்ந்த நிலையில் 15 ராத்தலுக்கு மேல் எடை கொண்டிருக்கலாகாது. கதவு எப்படி என்றால், அவ்வூரிலேயே வேறொரு கோயிலுக்குச் செய்யப்பட்டதைப் போல என்று எழுதிவிட்டனர். 'அந்தக் கோயில் கதவு மாதிரி' என்று சொல்லும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

இன்னொரு விதியும் உண்டு. வேலை நடக்கும் நிலத்தில் உள்ள சிறு சன்னிதிகளையும் பலிபீடங்களையும் உருவங்களையும் குத்தகையாளரே எடுத்துச் சென்று, காட்டப்படும் இடத்தில் நிறுவவேண்டும். நம் மரபில் கலாகர்ஷணம் செய்து சிவாசாரியார் நடத்தும் காரியம், அங்குக் குத்தகைப் பட்டியலில் ஓர் இனமாக இடம்பெற்றிருப்பது விந்தையே.

மரம், கல், சுண்ணாம்பு, ஆணி எல்லாம் குத்தகையாளரின் பொறுப்பு. எனின், அவற்றை வாங்கப் பணம்? இங்கேதான் புட்டியோலி நகரத்தாரின் அறிவு புலப்படுகிறது. குத்தகைத் தொகை 1,500 செஸ்டர்ஸ் காசுகள். அதில் பாதியை முன்கூட்டியே கொடுத்தனர். ஆனால் கொடுப்பதற்கு முன்பு, குத்தகையாளர் தமது நிலத்தை ஈடாகப் பதிவுசெய்து, அது போதுமானது என்று அவர்கள் நிறைவடைய வேண்டும். அதாவது பொருளை வாங்குவது குத்தகையாளர், வாங்கும் பணம் நகரத்துடையது, அந்தப் பணத்துக்குக் காவல் குத்தகையாளரின் நிலம். மறுபாதி, வேலை முடிந்து ஏற்கப்பட்ட பின்னரே. வேலை முடியவேண்டிய நாள் நவம்பர் முதல் தேதி. ஏற்பதா மறுப்பதா என்பதை நகர்த் தலைவர்களும் முன்னாள் தலைவர்களும் அடங்கிய அவை முடிவு செய்யும். இருபது பேருக்குக் குறையாமல் கூடியிருக்கவேண்டும். ஆணையிட்டு அவர்கள் நன்றென்றால் நன்று, அன்றென்றால் அன்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கே இருபது பேரைச் சேர்க்கத் தொலைபேசியில் அழைத்து அலுத்துப்போன செயலாளர்கள் இவ்விதியைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். கையெழுத்திட்ட குத்தகையாளர் கையஸ் புளோசியஸ். தமக்குத் தாமே பிணை நின்றவரும் அவரே.

கிரேக்கர் வேறு வழியில் சென்றனர். ஏதென்ஸ் நகரின் எரெக்தியோன் கோயிலுக்குக் கி.மு. 409 முதல் சில ஆண்டுகள் எழுதப்பட்ட கணக்கு கல்லில் உள்ளது. அங்கே பொருள்களைக் கோயிற் பணி மேற்பார்வையாளர்களே வாங்கினர். அலங்காரத்துக்கு வாங்கிய தங்கத் தகடுகள் 166 என்றும், தகடு ஒன்று ஒரு திராக்மா என்றும் எழுதியுள்ளனர். கைவினைஞர் ஒருவரின் ஒரு நாள் கூலியும் அதே ஒரு திராக்மாதான். கணக்கின் படி எழுத வாங்கிய தாளின் விலைகூட விடுபடவில்லை. பொருளை ஆலயமே வாங்கும் முறையில் இத்தகைய கணக்குப்பிள்ளை ஒருவர் இல்லாமற்போனால் சிக்கனம் என்பது வெறும் பேச்சாகிவிடும். அப்பல்லோவின் திருத்தீவான டெலோஸில் மற்றோர் ஏற்பாடு இருந்தது. தொடக்கத்தில் பாதித் தொகை, பாதி வேலை முடிந்தபின் மீதி. ஆயினும் பத்தில் ஒரு பங்கை இறுதி ஒப்புதல் வரை பிடித்து வைத்துக்கொண்டனர். இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கட்டட ஒப்பந்தங்களில் இடம்பெறும் பிடித்தத் தொகைக்கு மூத்த உறவினர் இதுவே.

பொருள் யாருடையது என்பதை ஏன் இவ்வளவு கருத்தாக எழுதவேண்டும் என்று ரோமானியச் சட்ட அறிஞர்கள் ஆராய்ந்தனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கையஸ் காட்டும் எடுத்துக்காட்டு தமிழர் வீட்டுக்கு அந்நியமானதன்று. பொற்கொல்லரிடம் மோதிரம் செய்யச் சொல்கிறோம். தங்கம் நம்முடையதானால் அது வேலைக்கு அமர்த்துதல். கூலி மட்டுமே பேச்சு. தங்கம் அவருடையதானால் அது விற்பனை. மோதிரம் நம் கைக்கு வரும்வரை அது அவர் பொருள். அப்படியாயின் வீடு கட்டுபவர் தம் செங்கல்லைக் கொண்டுவந்து கட்டினால் அது விற்பனையா? இல்லை என்றனர் சட்ட அறிஞர்கள். நிலம் நம்முடையது, கட்டடத்துக்கு அடிப்படையானதை நாமே தந்துவிட்டோம். ஆகவே அது வேலைக் குத்தகையே. ஃபுளோரென்டினஸ் என்பவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மொத்த வேலைக்கும் ஒரே தொகை பேசியிருந்தால், ஒப்புதல் பெறும் வரை நட்டம் குத்தகையாளரைச் சாரும். அடிக்கணக்கில் அளந்து கூலி பேசியிருந்தால், அளக்கப்படாத பகுதியின் நட்டம் மட்டுமே அவரைச் சாரும். கூலிக் குத்தகை மலிவாக இருப்பதன் மர்மம் இதில் விளங்கும். நட்டத்தின் பெரும்பகுதியை ஆலயமே சுமக்க ஒப்புக்கொள்வதால்தான் விலை குறைகிறது.

பொற்கொல்லர் உவமையைத் தமிழ் மன்னர்கள் செயலிலேயே காட்டியுள்ளனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கையார் கொடுத்தவற்றையும் தேவியர் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. நகைகளின் எடையைக் குறிக்கும்போது எவையெல்லாம் சேர்ந்த எடை, கோத்த சரடும் அரக்கும் அதில் அடங்குமா நீங்குமா என்பதையும் அக்கல்வெட்டுகள் தெளிவாக்குகின்றன. கொடுத்த பொருளும் செய்து முடித்த பொருளும் எடையால் ஒத்துப்பார்க்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான முறை இல்லை.

இனிக் கடைக்காரரின் நிலை. குத்தகையாளர் கடனுக்குச் செங்கல் வாங்கிச் சுவர் எழுப்பிவிட்டுக் காணாமற்போனால், செங்கல் விற்றவர் சுவரை இடித்து எடுத்துப்போக முடியுமா? கி.மு. 450ஆம் ஆண்டளவில் ரோமானியர் தொகுத்த பன்னிரு பலகைச் சட்டம் இதற்கு விடை சொன்னது. பிறருடைய மரம் ஒருவர் வீட்டில் உத்திரமாகச் சேர்ந்துவிட்டால் அதைப் பிடுங்கக்கூடாது. மாறாக, மரத்துக்கு உரியவர் அதன் மதிப்பைப் போல இரு மடங்கு கேட்கலாம். நிலத்தோடு இணைந்தது நிலத்துக்கே உரியது என்னும் கொள்கை ஆங்கிலச் சட்டத்திலும் நிலைத்தது. இரு மடங்கு இழப்பீடு என்னும் பாதி மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. ஆகவே கற்பகக்கிரகத்துச் சுவரில் சேர்ந்துவிட்ட செங்கல் ஆலயத்துடையதே. விற்றவர் குத்தகையாளரைத் தேடி அலைய வேண்டியதுதான். சட்டப்படி ஆலயம் குற்றமற்றது. ஆயினும் எதிர்வரிசையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் தமக்குப் பணம் வராத செங்கல்லைக் கும்பாபிஷேக நாளில் கும்பிட்டுவிட்டுப் போவது எந்த நிர்வாகத்துக்கும் மகிழ்ச்சி தராது.

இக்குறையைப் போக்க இரு நாடுகளும் அண்மைக் காலத்தில் சட்டம் இயற்றின. சிங்கப்பூரின் கட்டடத் துறைப் பணப் பாதுகாப்புச் சட்டம் 2004இல் நிறைவேறி 2005 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்தது. மலேசியாவின் சட்டம் 2012இல் நிறைவேறி 2014 ஏப்ரல் 15 முதல் செயற்படுகிறது. 'எனக்கு மேலிடத்திலிருந்து பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்' என்னும் நிபந்தனை இனிச் செல்லாது. வேலை செய்தவர் மட்டுமன்றிப் பொருள் அனுப்பியவரும் விரைவான தீர்ப்பு கேட்க வழி பிறந்தது. சிங்கப்பூர்ச் சட்டத்தில், இன்னும் பொருத்தப்படாமல் கிடக்கும் பொருளின்மீது விற்றவருக்கு ஓர் உரிமையும் உண்டு. பொருத்திய பின் அவ்வுரிமை இல்லை. பன்னிரு பலகைகளின் காலத்துக் கோடு இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது.

நம் ஆலயங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது. ரோமானியர் அறியாதது அது: உபயம். பக்தர் ஒருவர் சிமெண்டு மூட்டைகளைத் தருகிறார், மற்றொருவர் ஓடு தருகிறார், இன்னொருவர் சாயம் தருகிறார். அன்போடு வரும் பொருளை மறுக்க எவருக்கும் மனம் வராது. ஆனால் முழுக் குத்தகை எழுதிய பிறகு இப்படிப் பொருள் வந்தால் ஒப்பந்தம் இரண்டுங்கெட்டதாகிவிடும். நம் ஈரக் காற்றில் சில மாதங்கள் கிடந்த சிமெண்டு வலுவிழக்கும். பின்னர்ப் பூச்சு உதிர்ந்தால், ஆலயம் தந்த சிமெண்டினால் வந்த கேடு என்று குத்தகையாளர் கைகழுவ இடமுண்டு. இதனாலேயே அனுபவமுள்ள நிர்வாகங்கள் 'செங்கல் உபயம்', 'ஓடு உபயம்' என்று பெயரிட்டு ரசீது கொடுத்துப் பணமாகவே பெற்றுக்கொள்கின்றன. உபயதாரருக்கு மனநிறைவு, பொருள் வாங்கும் பொறுப்பு சிதறாமல் குத்தகையாளரிடமே நிற்கிறது. பொருளாகவே வந்து சேர்ந்தால், அதன் மதிப்பைத் தொகையிலிருந்து கழிப்பதோடு, குத்தகையாளர் அதைச் சோதித்து ஏற்றுக்கொண்டார் என்று எழுதி வாங்குவதும் முறை.

மூலவர் திருமேனிக்குரிய கருங்கல், விமானக் கலசங்களுக்குரிய செம்பு, அவற்றுக்கு முலாம் பூசும் பொன் ஆகியவை இக்கணக்கில் சேர்வதில்லை. இவற்றை எவ்விதக் குத்தகையிலும் ஆலயமே வைத்துக்கொள்வது நல்லது. ஸ்தபதியின் கைக்குப் போகும் முன்பு ஒருமுறையும், கலசமாகத் திரும்பி வந்தபின் ஒருமுறையும் குழுவினர் பலர் முன்னிலையில் நிறுத்து, இரு எடைகளையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், தஞ்சைக் கல்வெட்டு செய்த வேலையை ஒரு சாதாரணப் பதிவேடே செய்துவிடும்.